தலைப்புக்குள் அடங்காத கரிசல்

ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்களிடையே நெடுங்காலம் வழங்கிய சோதனை. கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் அப்படியொரு சோதனை நிகழ்ந்ததாக வழிவழியாகச் சொல்வார்கள். 1893-ஆம் ஆண்டு, பதினோரு வயதில், ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்ற சுப்பிரமணியனைச் சிறுவன் என்று எள்ளி நகைக்கும் ஈற்றடி ஒன்றைக் காந்திமதிநாதன் என்பவர் நீட்டினாராம். சிறுவர் அந்த அடியை மறுக்கவில்லை; மாற்றவும் இல்லை. அதிலிருந்த தம் பெயரையே இரண்டாகப் பிளந்து, இகழ்ச்சி அதைக் கொடுத்தவர் மேலேயே சென்று விழும்படி பாடி முடித்தார். கொடுக்கப்பட்ட சொல்லுக்குக் கட்டுப்பட்டுக்கொண்டே, கொடுத்தவர் எண்ணிப் பாராத பொருளை அதற்குள்ளிருந்து எடுப்பது என்பது இதுதான்.

இன்று ஈற்றடியின் இடத்தில் ஒரு சொல் நிற்கிறது; வெண்பாவின் இடத்தில் ஒரு புகைப்படம். வாரத் தொடக்கத்தில் ‘நிழல்’ என்றோ ‘காத்திருத்தல்’ என்றோ ‘முதுமை’ என்றோ ஒரு தலைப்பு அறிவிக்கப்படும். ஏழு நாள்களுக்குள் அதற்கேற்ற படம் ஒன்றை எடுத்து அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் வேறொரு தலைப்பு. ஆண்டு முழுவதும் விடாமல் பங்கு பெறுகிறவர் கையில் ஐம்பத்திரண்டு படங்கள் சேர்ந்திருக்கும். சென்னையில் ‘சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்’ என்னும் குழுவினர் வார இறுதியில் கூடி, ஒரு தெருவையோ சந்தையையோ நடந்து நடந்து படம் எடுக்கும் வழக்கத்தை வளர்த்தனர். தமிழிலேயே புகைப்படக் கலையைக் கற்பிக்க 2007-இல் முன்வந்த ஆர்வலர் குழுவொன்று மாதம் ஒரு தலைப்பில் போட்டி நடத்திற்று. கைபேசியிலேயே நல்ல கேமரா வந்துவிட்ட பிறகு இந்தப் பழக்கம் பெருநகரத்தைத் தாண்டிச் சிற்றூர் வரை வந்துவிட்டது. கரிசல் மண்ணும் ஒரு தலைப்பாகிவிட்டது.

இந்தப் பயிற்சியின் நன்மையை முதலில் சொல்லிவிடுவது முறை. கேமரா வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே எடுப்பவர்கள். மற்ற நாள்களில் அவர்களுக்குக் கண் இருக்கிறது. ஆனால் காரணம் இல்லை. வாரத் தலைப்பு அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர் மாலை வீடு திரும்பும் வழியில் மிதிவண்டியை நிறுத்தி, மின்கம்பத்தின் நிழல் எத்தனை நீளம் என்று பார்க்கிறார். பிடித்ததை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், பிடிக்காத தலைப்பு வரும் வாரத்தில்தான் புதிதாக எதையேனும் காண்கிறார். ஞாயிறு மறையுரை ஆற்றும் குருக்களுக்கு இது நன்கு தெரியும். 1969-இல் வெளியான புதிய வாசக நூல் மூன்றாண்டுச் சுற்றில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் வாசகங்களை வகுத்துத் தந்தபின், தமக்கு விருப்பமான பகுதியையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்க அவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று. தேர்ந்துகொள்ளாத வாசகம் போதகரை உழைக்க வைக்கிறது. தேர்ந்துகொள்ளாத தலைப்பு புகைப்படக்காரரை நடக்க வைக்கிறது.

ஆயினும் எல்லாத் தலைப்புகளும் ஒரே இயல்பின அல்ல. இந்தப் போட்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. ‘நிழல்’, ‘கோடு’, ‘நீலம்’, ‘வட்டம்’ என்பன ஒரு வகை. இவை காட்சியின் உருவைப் பற்றியவை. மாட்டுவண்டிச் சக்கரத்தை வட்டம் என்று காட்டினால் சக்கரத்துக்கு இழுக்கில்லை, வண்டிக்காரருக்கும் இல்லை. ‘வறுமை’, ‘முதுமை’, ‘வறட்சி’, ‘தனிமை’ என்பன வேறு வகை. இவை ஒரு தீர்ப்பைத் தம்முள்ளே வைத்துக்கொண்டு வருகின்றன. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் படம் எடுத்து ‘தனிமை’ என்று அனுப்பும்போது, அவரைப் பற்றி நாம் ஒன்று சொல்லிவிட்டோம். அவர் பேரனைப் பார்க்கப் புறப்பட்டவராக இருக்கலாம்; மனைவி கடைக்குப் போய் வரும்வரை காத்திருப்பவராக இருக்கலாம். படத்தைப் பார்ப்பவருக்கு அதை அறிய வழியே இல்லை. தலைப்பு முன்னால் வந்து நின்றுகொண்டது.

கரிசல் நிலத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் வகைத் தலைப்பு செய்யும் தீங்கை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘வறட்சி’ என்ற தலைப்புக்கு வரும் படங்களில் பாதியேனும் வெடித்த நிலத்தின் படங்களாக இருக்கும். பாளம் பாளமாகப் பிளந்த கறுத்த மண், அதன் நடுவே ஒற்றைச் செடி அல்லது ஒரு முதியவரின் வெறுங்கால். பார்த்தவுடன் நெஞ்சு கனக்கும். பரிசும் கிடைக்கும்.

ஆனால் கரிசல் மண் வெடிப்பது வறட்சியால் மட்டும் அன்று. அது அதன் பிறவிக் குணம். இம்மண்ணிலுள்ள களித்துகள்கள் நீரை உறிஞ்சி உப்பும். நீர் வற்றச் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு கோடையிலும் நிலம் பிளக்கிறது. வெடிப்பு சில இடங்களில் மூன்று நான்கு அடி ஆழம்கூடப் போகும். காற்றும் கால்நடைகளின் குளம்பும் மேல்மண்ணை உதிர்த்து வெடிப்புக்குள் தள்ளுகின்றன. மழை பெய்ததும் மண் மீண்டும் பருத்து வாயை மூடிக்கொள்கிறது. மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகப் புரள்கிறது. கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்ளும் என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் குடித்த நீரை இம்மண் பல வாரங்கள் தன்னுள் வைத்திருந்து, மழை நின்ற பிறகும் பயிருக்கு ஊட்டுகிறது. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையே பெறும் கோவில்பட்டி வட்டாரத்தில், கிணற்றுப் பாசனம் இல்லாமலே பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் பாசிப்பயறும் மானாவாரியாக விளைவது மண்ணின் இந்தத் திறத்தால்தான். வெடிக்கும் அதே குணம்தான் விளைவிக்கவும் செய்கிறது.

அப்படியானால் சித்திரை மாதத்து வெடித்த நிலத்தின் படம் நமக்குச் சொல்வது என்ன? நிலம் காய்ந்திருக்கிறது என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அந்நிலத்தில் தை மாதத்தில் வண்டி வண்டியாகப் பருத்தி எடுத்திருக்கலாம். ஒரு மணி தானியமும் வீடு வந்து சேராமலும் போயிருக்கலாம். இரண்டு ஆண்டுகளிலும் சித்திரையில் வெடிப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். உண்மையான வறட்சியின் முகம் வேறு. மழையை நம்பி விதைத்த விதை முளைத்து, முழ உயரத்தில் நின்று, மார்கழியில் வாடி நிற்பது அது. அந்தப் படத்தில் பச்சை இருக்கும். அதனாலேயே ‘வறட்சி’ என்ற தலைப்புக்கு அதை யாரும் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் தேர்ந்தெடுப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

இது நம் ஊரில் மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1930-களின் பெரும் வறட்சியின்போது அரசே புகைப்படக்காரர்களை ஊர் ஊராக அனுப்பிற்று. அவர்களில் ஒருவரான ஆர்தர் ரோத்ஸ்டீன், 1936 மே மாதம் தெற்கு டகோட்டா மாநிலத்தில், வெடித்த நிலத்தின் மேல் வெளுத்துக் கிடந்த மாட்டு மண்டையோடு ஒன்றைப் படம் எடுத்தார். நிழல் நன்றாக விழ வேண்டும் என்று அதைச் சில அடி நகர்த்தி வைத்தும் சில படங்கள் எடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளைக் காணப் புறப்பட்ட வேளையில், அப்பகுதியின் நாளேடு ஒன்று இது பொய்ப் படம் என்று கூச்சலிட்டது. மண்டையோடு நகர்ந்ததைப் பற்றித்தான் இன்றும் பலரும் பேசுகிறார்கள். எதிர்த்தவர்கள் கூறிய மற்றொரு குறையே நமக்கு முக்கியமானது: அந்த இடம் உவர்நிலம், நல்ல மழை பெய்த ஆண்டிலும் அது வெடித்துத்தான் கிடக்கும் என்றார்கள். வறட்சி மெய்யாகவே இருந்தது. மக்கள் மெய்யாகவே நிலத்தை விட்டு வெளியேறினார்கள். ஆயினும் மெய்யான துயரத்துக்குத் தவறான சாட்சியைக் கூட்டிலேற்றியதால், துயரமே ஐயத்துக்குள்ளாயிற்று. மானாவாரி விவசாயி நிவாரணம் கேட்டு மனுவோடு நிற்கும் நாளில், அவர் பக்கம் நிற்கும் படம் பொய்த்துப்போகாத படமாக இருக்க வேண்டாமா?

அதே அமெரிக்க அனுபவத்தில் நாம் பின்பற்றத்தக்க பக்கமும் ஒன்று உண்டு. அப்புகைப்படக்காரர்களை 1935 முதல் 1943 வரை நடத்தியவர் ராய் ஸ்டிரைக்கர். அவர் படம் எடுப்பவர் அல்லர், பொருளியல் பயின்றவர். அவரும் தலைப்புகள் கொடுத்தவர்தாம். சிற்றூரில் மக்கள் மாலை வேளையை எப்படிக் கழிக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள், வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் நீண்ட பட்டியல்கள் எழுதி அனுப்புவார். கவனியுங்கள்: அவை சொற்கள் அல்ல, கேள்விகள். ‘வறுமை’ என்று எழுதி அனுப்பியிருந்தால் கந்தல் துணி வந்திருக்கும். ‘சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள்?’ என்று கேட்டதால் புகைப்படக்காரர் வாசற்படி ஏறி உள்ளே போக வேண்டியதாயிற்று. அதற்கு முன் வீட்டுக்காரரிடம் பேசவும் வேண்டியதாயிற்று.

கார்ல் மைடன்ஸ் என்னும் இளைஞரைத் தென்மாநிலங்களுக்குப் பருத்தியைப் படம் எடுக்க அனுப்பும்போது, பருத்தியைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று ஸ்டிரைக்கர் கேட்டாராம். அதிகம் தெரியாது என்று பதில் வந்ததும் பயணத்தை நிறுத்திவைத்து, பகலுணவும் இரவுணவும் கடந்து, பருத்தி விளைவதும் விலைபோவதும் அதை நம்பி மக்கள் கடன்படுவதும் பற்றி அந்த இளைஞருக்குப் பேசிக்கொண்டே இருந்தார். மறுநாள்தான் பயணம். இதைப் படிக்கும்போது கோவில்பட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த நிலம் இது. மானாவாரிப் பயிர்களுக்காக 1901-இலேயே இங்கு ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பருத்தியைப் பற்றி ஒருநாள் முழுவதும் பேசக்கூடியவர்கள் இங்கே ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை. நம் வாரத் தலைப்புகள் அந்த ஒருநாளை யாருக்கும் விதிப்பதில்லை. நேரே பயணத்துக்கு அனுப்பிவிடுகின்றன.

மனிதர்களைப் படம் எடுப்பதில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. ‘கைகள்’ என்ற தலைப்பு உருவைப் பற்றியதைப் போலத்தான் தோன்றும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் அத்தலைப்புக்கு உடனே கிடைப்பது தீப்பெட்டித் தொழிலாளியின் கை. குச்சியை அடுக்கும் கை. பெட்டி ஒட்டும் கை. பசை படிந்த நகம். மணிக்கட்டோடு படம் முடிந்துவிடும். முகத்தைக் காட்டாததால் அந்தப் பெண்ணின் மானம் காக்கப்பட்டது என்று எடுத்தவர் வாதிடக்கூடும். இருக்கலாம். ஆனால் முகத்தோடு சேர்ந்து வேறு சிலவும் வெட்டுப்பட்டுப் போயின: எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்யும்போது அவர் உட்கார்ந்திருக்கும் விதம், பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் மகள், இடையில் அவர் எழுந்துபோய் உலை வைத்து வரும் அடுப்பு. கை அழகாயிருக்கிறது. அந்தக் கை ஒரு நாளில் எத்தனை பெட்டி ஒட்டுகிறது என்பதைப் படம் சொல்லவில்லை, எடுத்தவருக்கும் தெரியவில்லை.

டொரோதியா லாங் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோ என்னும் இடத்தில் எடுத்த தாயின் படத்தை உலகம் அறியும். பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த கூலிக் குடும்பம் அது. படம் செய்தித்தாளில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பிற்று; அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது. தாயின் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1978-இல்தான், அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியுலகம் அறிந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் கசந்தார். படம் பலருக்கு நன்மை செய்தது உண்மை. படத்தில் இருந்தவர் அந்த நன்மைக்கு வெளியே நின்றதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

கோவில்பட்டிக்கே உரிய வேறொரு மரபை இதன் எதிரே நிறுத்திப் பார்க்கலாம். நாட்காட்டித் தெய்வப் படங்களால் தென்னாட்டு வீடுகள்தோறும் புகுந்த ஓவியர் கொண்டையராஜு 1976-இல் மறையும் வரை இந்த ஊரில் வாழ்ந்தவர். நாடகக் குழு ஒன்றுக்குத் திரைச்சீலை வரைபவராக வந்தவர் அவர். குழு கலைந்தபின் 1940-களில் இங்கேயே தங்கிவிட்டார். அவரும் மாணவர்களும் நடத்திய ‘தேவி ஆர்ட் ஸ்டுடியோ’வில் ஓவியமும் புகைப்படமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அவர்களும் பிறர் கொடுத்த தலைப்புக்கு வரைந்தவர்களே. அச்சகத்தார் இலட்சுமி என்றால் இலட்சுமி, முருகன் என்றால் முருகன். அது இருக்கட்டும். அக்காலத்து ஸ்டுடியோ என்னும் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். படம் எடுத்துக்கொள்பவர் தாமே தேடி வந்தார். நல்ல உடை உடுத்தி, தலைவாரி, எப்படித் தோன்ற வேண்டும் என்று தாமே முடிவு செய்து நாற்காலியில் அமர்ந்தார். பணம் கொடுத்தார், படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார். ஸ்டுடியோப் படங்கள் விறைப்பானவை, செயற்கையானவை என்று இன்று நாம் எளிதாக நகைக்கிறோம். அந்த விறைப்பில் ஓர் உரிமை இருந்தது. இன்று வரப்பில் நின்றபடி நம் கேமராவுக்குள் சிக்கிக்கொள்ளும் விவசாயி எந்தத் தலைப்பின் கீழ் வைக்கப்பட்டார் என்பதை அறியவே மாட்டார். படத்தின் பிரதியும் அவருக்குப் போய்ச் சேராது.

நம்மவர்க்கு நெருக்கமான ஓரிடத்தையும் குறிப்பிட வேண்டும். காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா ஆலயம், வீரமாமுனிவர் பணிபுரிந்த பழைய தலம். ஆகஸ்டு 15 விண்ணேற்பு விழாவுக்குச் சுற்றிலுமுள்ள கரிசல் ஊர்களிலிருந்து மக்கள், சமய வேறுபாடின்றி, திரளாக வருகிறார்கள். கும்பிடு சேவை செய்து நேர்ச்சையை நிறைவேற்றுகிறவர்களும் அவர்களில் உண்டு. ‘பக்தி’ என்று தலைப்புக் கொடுத்தால் புகைப்படக்காரர் முதலில் ஓடுவது அவர்களிடம்தான். மண்ணில் கிடக்கும் ஒருவரின் மேல் குனிந்து நின்று அகலக் கோணத்தில் எடுக்கும் படம் அழுத்தமாகத்தான் வரும். ஆனால் நேர்ச்சை என்பது ஒருவர் தம் துயரத்தை மாதாவிடம் மட்டும் சொன்ன சொல். அதைப் பார்க்க நாம் அழைக்கப்படவில்லை. அங்கே நின்று எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுந்தபிறகு, தண்ணீர் குடித்து முடித்தபிறகு, ‘அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டு எடுக்கும் படம் ஏன் போட்டிக்கு வருவதேயில்லை என்றுதான் கேட்கிறேன்.

போகிற போக்கில் ஒளியைப் பற்றியும் ஒரு சொல். புகைப்பட வழிகாட்டிகள் எல்லாம் காலைப் பொழுதையும் மாலைப் பொழுதையும் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றன. நண்பகல் வெயிலை விலக்கச் சொல்கின்றன. விளைவு, போட்டிப் படங்களில் கரிசல் எப்போதும் பொன்னிறமாகவே இருக்கிறது. இந்நிலத்தை அறிந்தவர்களுக்கு அது நகைப்பாக இருக்கும். கரிசல் மக்கள் ‘உருமம்’ என்று தனியொரு பெயரே வைத்திருக்கும் உச்சிவேளையில், வேலிக்கருவேல நிழல் காலடிக்குள் சுருண்டு, தார்ச்சாலை கானலாய் நெளியும்போதுதான் இந்த நிலம் தன் முழு உருவத்தில் நிற்கிறது. கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கும் இதே கதிதான். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முடிக்காமலே விட்டுப்போன கோயில் அது. ‘பாரம்பரியம்’ என்ற தலைப்புக்கு அதன் விமானம் ஆண்டுதோறும் அதே கோணத்தில் வருகிறது. செதுக்கப்படாமல் நின்றுபோன அடிப்பகுதியை, உளியை அங்கே கீழே வைத்தவரை நினைக்கச் செய்யும் அந்தக் கரட்டுப் பாறையை, ஒருவரும் அனுப்பக் காணோம்.

தலைப்பு கூடாது என்பதா இதன் பொருள்? அல்ல. எங்கிருந்து எடுத்த தலைப்பு என்பதே கேள்வி. இடைசெவல் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்து 1982-இல் வெளியிட்டார். கல்லூரிப் படிப்பில்லாத ஒரு விவசாயி, அறிஞர்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலையைத் தனியாளாக முன்னின்று செய்தார். அவர் 2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்து, சொந்த ஊரின் கரிசலிலேயே அடக்கமானார். அந்த வட்டாரத்துப் பேச்சிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வாரத் தலைப்பாகக் கொடுத்தால் என்ன நேரும்? ‘படப்பு’ என்று கொடுங்கள். தட்டையை அடுக்கி வைத்திருக்கும் களத்துக்குப் போக வேண்டும். எத்தனை மாட்டுக்கு, எந்த மாதம் வரை என்று கேட்க வேண்டும். ‘கிடை’ என்று கொடுங்கள். ஆட்டுக்காரர் இரவு எந்தப் புஞ்சையில் தங்குகிறார், நிலத்துக்காரர் அதற்கு என்ன கொடுக்கிறார் என்று தெரியாமல் படம் எடுக்க முடியாது. ‘பருத்திமார்’ என்று கொடுங்கள். பஞ்சு எடுத்தபின் நிற்கும் காய்ந்த செடி அடுப்புக்குப் போகும் கதை தெரிய வரும். ‘உருமம்’ என்று கொடுத்தால் வழிகாட்டி நூலையே மூடிவைக்க வேண்டும். இச்சொற்களில் தீர்ப்பு இல்லை. இவை வாழ்கிறவர்கள் தம் வாழ்வுக்கு இட்ட பெயர்கள்.

ஏழு நாள் என்னும் கணக்கையும் சற்றுத் தளர்த்தலாம். கி.ரா.வைப் புதுவை இளவேனில் பல்லாண்டுகள் விடாமல் படம் எடுத்தார். அப்படங்களில் நாம் காணும் இயல்பு ஒரு வாரத்தில் வந்ததன்று. எழுத்தாளர் கேமராவை மறந்துபோகும் அளவுக்குப் பழகியதால் வந்தது. நிலத்துக்கும் அதே பழக்கம் தேவை. ஐம்பத்திரண்டு தலைப்புக்கு ஐம்பத்திரண்டு இடம் ஓடுவதற்குப் பதிலாக, ஒரே புஞ்சையின் ஒரே மூலையில் ஐம்பத்திரண்டு வாரம் நிற்பவர் கோவில்பட்டி வட்டாரத்தில் ஒருவரேனும் இருந்தால் நன்று. சித்திரையில் வெடிப்பு, ஆவணியில் கோடை உழவின் கட்டிகள் உடைந்து பொடியாகிக் கிடக்கும் மண், புரட்டாசியில் மேகம் பார்த்து விதைப்பு, ஐப்பசியின் முதல் கனமழையில் வெடிப்பு வாய்மூடிக் காலில் அப்பும் சேறு, கார்த்திகையில் முளை, மார்கழிப் பனியில் உளுந்து, தை மாசியில் பஞ்சு வெடித்து நிற்கும் பருத்தி. பருத்திக் காய் பிளப்பதற்கும் ‘வெடிப்பு’ என்றே பெயர் என்பதை அவர் அப்போது கண்டுகொள்வார். சிறுவர் சுப்பிரமணியன் ஈற்றடியில் செய்ததைப் போல ஒரே சொல்லைப் பிளந்து காட்ட அவரால் முடியும். சித்திரையில் மண்ணின் வெடிப்பு, மாசியில் காயின் வெடிப்பு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அதே வரப்போடு.

பங்கு இளைஞர் குழுக்களோ பள்ளிகளோ இத்தகைய போட்டி நடத்த எண்ணினால், படத்தோடு மூன்று செய்திகளைக் கட்டாயமாகக் கேட்கலாம். இது யாருடைய நிலம், அல்லது இவர் யார்? கடைசியாக இங்கே மழை பெய்தது எப்போது, என்ன விளைந்தது? படத்தை அவரிடம் காட்டினீர்களா, என்ன சொன்னார்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் படத்தின் அடியிலேயே அச்சிட வேண்டும், அவர் சொன்ன சொல்லிலேயே, திருத்தாமல்.